கட்டுச்சோற்றுப் பை களம் புகுந்த வரலாறு

போர்க்கலை வரலாற்றை எழுதியோர் வாளையும் வேலையும் வில்லையும் விரித்துரைத்துள்ளனர். வென்றோர் பெயர்களும் வெற்றிக் களங்களும் ஏடுகளில் நிறைந்து கிடக்கின்றன. ஆயின் அவ்வீரர்கள் களம் புகுமுன் நாள்தோறும் எதிர்நின்று பழகிய ஒரு பொருள் வரலாற்றின் ஓரத்திலேயே நின்றுவிட்டது. விட்டத்திலிருந்து தொங்கவிடப்பெறும் குத்துப்பையே அப்பொருள்.

தமிழ்ப் பேச்சுவழக்கில் இதனை 'மணல் மூட்டை' என்றும் கூறுவதுண்டு. பெயர் மணலைச் சுட்டினும் நல்ல பையில் மணல் மிகச் சிறிதளவே இருக்கும், இல்லாமலும் இருக்கும். பையினுள் எதை இடுவது, எவ்வளவு இடுவது, யாருக்காக இடுவது என்னும் வினாக்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தவை. அவற்றுக்கு மருத்துவரும் பயிற்றுநரும் மெய்யியலாரும் கூறிய விடைகளைத் தொகுத்து நோக்கும்போது, ஒரு தோற்பையின் வரலாறு மனித உடலின் நலத்தைப் பற்றிய வரலாறாகவும் விரிகின்றது.

சொல்லின் பிறப்பு

கிரேக்கர் இப்பையினைக் 'கோரிகோஸ்' என்றழைத்தனர். இச்சொல் குத்துச்சண்டைக் கூடத்தில் பிறந்ததன்று. தோலாற் செய்த உணவுப்பை என்பதே இதன் பழம்பொருள். ஹோமரின் 'ஒடிசி' ஐந்தாம் காண்டத்தில் இச்சொல் அப்பொருளிலேயே ஆளப்பெற்றுள்ளது. தன் தீவில் பல்லாண்டு தங்கியிருந்த ஒடிசியசைக் கலிப்சோ வழியனுப்பி வைக்கின்றாள். அவன் ஏறிச் செல்லும் தெப்பத்தில் மதுவுக்கு ஒரு தோற்பையும் நீருக்கு மற்றொரு பெரிய தோற்பையும் வைக்கின்றாள். உண்பதற்குரிய பொருள்களை ஒரு கோரிகோசில் இட்டுத் தருகின்றாள். 17 நாள் கடல்வழிக்கு உதவிய கட்டுச்சோற்றுப் பை அது.

பிற்காலத்தில் இதே சொல் பயிற்சிக்கூடத்தில் தொங்கும் பைக்குப் பெயராயிற்று. அப்பையின் உறையும் தோலே. அதனுள் இடப்பெற்றவற்றுள்ளும் உணவுப்பொருள் இருந்தது என்பதைப் பின்னர்க் காணலாம். சொற்பொருள் மாறும் நெறியில் ஆர்வமுடைய கவிஞர்க்கு இஃது ஓர் அரிய எடுத்துக்காட்டாகும்.

ஒலிம்பியாவும் வெண்கலப் பேழையும்

ஒலிம்பிய விழாவில் குத்துச்சண்டை கி.மு. 688இல் சேர்க்கப்பெற்றது. சுமிர்னா நகரத்து ஓனோமாஸ்டோஸ் அவ்வாண்டு வாகை சூடினார். குத்தும் உதையும் மற்பிடியும் கலந்த 'பங்க்ராட்டியோன்' என்னும் கடும்போட்டி கி.மு. 648இல் இடம்பெற்றது. அக்காலப் போட்டிகளில் எடைப்பிரிவு கிடையாது. இடைவேளையுடன் கூடிய சுற்றுகளும் கிடையா. ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்ளும் வரையிலோ நினைவிழந்து வீழும் வரையிலோ சண்டை தொடர்ந்தது. கையுறைக்கு மாற்றாக எருதின் தோல்வார்களையே வீரர்கள் கையில் சுற்றிக்கொண்டனர். இத்தகைய சண்டையை நாள்தோறும் உடன்பயில்வோரின் உடலிலேயே பழகுவது இயலாத செயலாகும். எனவே உயிருள்ள உடலுக்கு மாற்றாக ஒரு பொருள் தேவைப்பட்டது.

அம்மாற்றுப் பொருளின் உருவத்தைக் காட்டும் புகழ்பெற்ற சான்று உரோமையில் வில்லா ஜூலியா அருங்காட்சியகத்தில் உள்ளது. 'ஃபிக்கொரோனிப் பேழை' எனப்படும் இவ்வெண்கலப் பேழை கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. பெண்டிர் ஒப்பனைப் பொருள்களை வைக்கும் பேழை இது. டிண்டியா மகோல்னியா என்னும் தாய் தன் மகளுக்கு இதனை அளித்தாள் என்றும், நோவியோஸ் பிளாட்டியோஸ் என்பவர் உரோமையில் இதனைச் செய்தார் என்றும் அதன்மேல் பொறிக்கப்பெற்றுள்ளது.

பேழையின் உடலைச் சுற்றி ஒரு பழங்கதை தீட்டப்பெற்றிருக்கின்றது. தன் நாட்டிற்கு வரும் அயலாரைக் குத்துச்சண்டைக்கு வலிந்தழைத்துக் கொல்லும் அமிக்கோஸ் என்னும் மன்னனைப் பொலுடியூக்கஸ் வென்று மரத்தில் கட்டும் காட்சி அது. அதன் ஒருபுறத்தில் வீரன் ஒருவன் தொங்கும் பையினைக் குத்திப் பழகுகின்றான். அருகே அமர்ந்துள்ள முதிய சைலீனஸ் தன் பருத்த வயிற்றையே பையாகக் கொண்டு கைகளால் குத்துவதுபோல் நடித்து அவனைப் பரிகசிக்கின்றான். மகளுக்குத் தாய் தந்த பரிசில் குத்துப்பையும் அதனைக் கண்டு நகைப்பவனும் ஒருங்கே இடம்பெற்றிருப்பது சுவையானதாகும்.

மெய்யியலாரும் நாடகாசிரியரும்

பையினைக் கண்டு நகைப்போர் அக்காலத்தில் இருந்தனர் என்பதற்குப் பிளேட்டோவின் எழுத்தும் சான்றாகின்றது. அவருடைய இறுதி நூலான 'சட்டங்கள்' எட்டாம் பகுதியில், அமைதிக் காலத்திலேயே குடிமக்கள் போர்ப்பயிற்சி பெறவேண்டும் என்னும் கருத்து வலியுறுத்தப்படுகின்றது. அதற்குக் குத்துச்சண்டை வீரரின் பயிற்சியை அவர் உவமையாக்குகின்றார். எதிர்நின்று பழக ஆள் கிடைக்காதபோது, உயிரற்ற உருவம் ஒன்றைத் தொங்கவிட்டு அதனோடு பழகுவதற்கு அறிவிலிகளின் நகைப்பு ஒரு தடையாகலாமா என்பது அவர் எழுப்பும் வினா. அவ்வுருவமும் இல்லாதபோது தன் நிழலோடேனும் வீரன் பொருதுவான் என்பது அவர் கருத்து. உயிருள்ளவனுக்கு மாற்றாக உயிரற்றதை நிறுத்துதல் நகைப்புக்கு உரியதன்று. அறிவுடைய செயலே என்பதனை முதன்முதல் எழுத்தில் நிறுவியவருள் பிளேட்டோவும் ஒருவர் எனலாம்.

உரோமை நாடகாசிரியர் பிளாட்டஸ் இதே பொருளை வேறொரு கோணத்தில் கையாண்டார். அவருடைய 'ரூடென்ஸ்' என்னும் நாடகத்தில் இரு பெண்கள் வீனஸ் தேவியின் பலிபீடத்தில் அடைக்கலம் புகுகின்றனர். அவர்களை விலைப்படுத்த முயலும் தரகன் அவர்களைப் பற்றியிழுக்க முற்படும்போது ஓர் அடிமை குறுக்கே நிற்கின்றான். அவர்களைச் சுண்டுவிரலால் தீண்டினாலும் உன்னைக் குத்துப்பையாக்கித் தொங்கவிட்டுக் குத்துவேன் என்னும் கருத்துப்பட அவன் அச்சுறுத்துகின்றான். கி.மு. 200ஐ ஒட்டிய காலத்தில் நாடகம் காண வந்த எளிய மக்களும் அந்நகைச்சுவையை உணர்ந்தனர் எனின், குத்துப்பை அவர்கள் நன்கறிந்த பொருளாகவே இருந்திருத்தல் வேண்டும். பையாதல் என்பது திருப்பியடிக்க இயலாத நிலையைக் குறிக்கும் உவமையாக அன்றே வழங்கிற்று.

மருத்துவர் வகுத்த அளவு

கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக்கலை நூல் யாத்த விட்ருவியஸ், கிரேக்கப் பயிற்சிக்கூடத்தின் அமைப்பை விளக்குமிடத்துப் பையறைக்கெனத் தனியிடம் ஒதுக்குகின்றார். இளைஞர் கூடம் நடுவிலும் அதன் வலப்புறத்தில் பையறையும் அதனை அடுத்து மற்போர்க்குரிய புழுதி வைக்கும் அறையும் அமைதல் வேண்டும் என்பது அவர் வகுத்த முறை. பைக்கென ஓர் அறையே வகுக்கப்பெற்றதிலிருந்து அப்பயிற்சியின் சிறப்பினை உணரலாம்.

இப்பயிற்சி வீரர்க்கு மட்டும் உரியதாய் இருக்கவில்லை. ஹிப்போகிராட்டஸ் பெயரால் வழங்கும் மருத்துவத் தொகுதியில் உணவும் ஒழுக்கமும் பற்றிய நூலிலேயே பையோடு பொருதும் பயிற்சி உடற்பயிற்சிகளுள் ஒன்றாகக் குறிக்கப்பெற்றுள்ளது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அண்டில்லஸ் என்னும் மருத்துவர் அதனை விரிவாக விளக்கினார். அவர் நூல் முழுமையாகக் கிடைக்கவில்லையெனினும், கி.பி. 4ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜூலியனின் மருத்துவராயிருந்த ஒரிபேசியஸ் தம் தொகுப்பில் அப்பகுதியைக் காத்துத் தந்துள்ளார்.

அண்டில்லஸ் கூறும் முறை தெளிவானது. வலிமை குறைந்தோர்க்கு உரிய பையில் அத்திப்பழத்தின் விதைகளையோ மாவினையோ இடவேண்டும். வலிமை மிக்கோர்க்கு உரிய பையில் மணலை இடவேண்டும். பையின் அளவு பயில்வோரின் ஆற்றலுக்கும் அகவைக்கும் ஏற்ப அமைதல் வேண்டும். கூரையிலிருந்து கயிற்றால் கட்டித் தொங்கவிடும்போது அதன் அடிப்பகுதி பயில்வோரின் உந்தியளவில் நிற்றல் வேண்டும். பயில்பவர் முதலில் அதனை இருகைகளாலும் பற்றி மெல்ல அசைக்கின்றார். பின்னர் விசையை மிகுதியாக்கி, அது விலகும்போது உடன்சென்றும் திரும்பும்போது பின்வாங்கியும் பழகுகின்றார். இறுதியில் அதனைத் தள்ளிவிட்டு, திரும்பி வரும் பையினை மார்பால் எதிர்கொள்கின்றார்.

இம்முறையில் மாவும் விதையும் மெலிந்தோர்க்கு உரியனவாய் முதலிடம் பெற்றிருத்தல் நோக்கத்தக்கது. கடினமான பை சிறந்தது, மென்மையான பை தாழ்ந்தது என்னும் தரவரிசை அண்டில்லசிடம் காணப்படவில்லை. எதிரே நிற்பவர் யார் என்பதைக் கண்டபின்னரே பையினுள் இடும் பொருளை அவர் முடிவு செய்கின்றார். மருந்தின் அளவை நோயாளியின் உடல்நிலைக்கேற்ப வகுக்கும் மருத்துவ நெறி இங்குப் பைக்கும் பொருத்தப்பெற்றது எனலாம்.

அண்டில்லசுக்குப் பின் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் உடற்பயிற்சிக் கலை பற்றி நூல் எழுதிய ஃபிலோஸ்ட்ராட்டஸ், போட்டியாளரை மனத்திற் கொண்டு இருவகைப் பைகளைப் பிரித்துக் காட்டினார். குத்துச்சண்டை பயில்வோர் கைகளையே பழக்குவதால் அவர்க்கு எடை குறைந்த பை போதும் என்றார். பங்க்ராட்டியோன் பயில்வோர்க்கு எடையும் பருமனும் மிக்க பை வேண்டும் என்றார். பை பாய்ந்து வரும் விசையை எதிர்த்து நிலைபெயராது நிற்கும் ஆற்றல் அவர்க்கு இன்றியமையாதது என்பதே அதற்குக் காரணம். பயிலும் கலை மாறும்போது பையும் மாறவேண்டும் என்னும் இவ்விதி இன்றளவும் மாறவில்லை.

கீழை நாட்டு வழக்குகள்

கிரேக்க நாட்டில் விதையும் மாவும் பெற்ற இடத்தைக் கீழை நாடுகளில் பயறும் வைக்கோலும் பெற்றன. சீனத்தில் உள்ளங்கையை உரமாக்கும் பயிற்சிக்குப் பாசிப்பயறு நிரப்பிய துணிப்பையைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. பல திங்கள் பயிற்சிக்குப் பின்னரே பயறு நீக்கிப் பரற்கல்லும், அதன்பின்னர் இரும்புக் குண்டுகளும் இடுவர். பயிற்சிக்கு முன்னும் பின்னும் மூலிகைத் தைலம் தடவிக் கையைக் காப்பது அம்மரபின் ஒரு பகுதியாகும். தாய்லாந்து வீரர்கள் வாழைத்தண்டினை உதைத்துக் காலை உரமாக்கினர். நீர் நிறைந்த அத்தண்டு காலுக்கு ஊறு செய்யாது விசையை வாங்கிக்கொள்ளும் தன்மையது.

ஒகினாவாத் தீவின் கராத்தே மரபில் பைக்கு மாற்றாக 'மகிவாரா' என்னும் கருவி வழங்கிற்று. சுற்றிய வைக்கோல் என்பதே அச்சொல்லின் பொருள். நிலத்தில் நட்ட மரப்பலகையின் மேல்முனையை மெலிதாகச் செதுக்கி, அதன்மேல் நெல்வைக்கோற்புரியைச் சுற்றி அமைப்பர். குத்தும்போது பலகை வளைந்து கொடுக்கும். 1922இல் தோக்கியோவில் கராத்தேயை அறிமுகம் செய்த ஃபுனாகோஷி கிச்சின் இக்கருவியைப் பயிற்சியின் இன்றியமையாத உறுப்பாகவே கொண்டார். மரம் வன்மையானது, ஆயினும் மெலிந்த மேல்முனையும் வைக்கோற்புரியும் அவ்வன்மையைக் கைக்கேற்பத் தணிவிக்கின்றன. அண்டில்லஸ் அத்திவிதையில் கண்ட தீர்வை ஒகினாவா மக்கள் வைக்கோலில் கண்டனர்.

இக்காலப் பை: தேர்வும் நிரப்பலும்

1867இல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் குத்துச்சண்டைக்குக் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றுகளையும் கட்டாயமாக்கின. அதன்பின் குத்துச்சண்டை உலகெங்கும் பரவியபோது கையுறையும் பையும் பெருந்தொழிலாக வளர்ந்தன. இத்துணைக் கண்டத்தில் அத்தொழிலின் பழம்பெரும் நடுவம் சியால்கோட் நகரமாகும். 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது அங்கிருந்து பெயர்ந்த விளையாட்டுப்பொருள் கைவினைஞர் பலர் ஜலந்தரிலும் மீரட்டிலும் குடியேறித் தொழிலைத் தொடர்ந்தனர். இன்று தோலொடு கித்தானும் செயற்கைத் தோலும் உறையாகின்றன.

பையின் பெயரிலுள்ள மணலை மட்டும் நம்பி நிரப்ப முற்படின் நேர்வது யாதென எளிய கணக்கொன்றால் அறியலாம். 35 செ.மீ. விட்டமும் 120 செ.மீ. உயரமும் உடைய பையின் கொள்ளளவு ஏறத்தாழ 115 லிட்டர். ஒரு லிட்டர் உலர்மணலின் எடை ஏறத்தாழ 1.6 கிலோ. பை முழுதும் மணலாயின் எடை 180 கிலோவைத் தாண்டும். அது விட்டத்திற்கும் ஆகாது, கைக்கும் ஆகாது. மேலும் மணல் நாளடைவில் கீழிறங்கி அடிப்பகுதியைக் கற்போல இறுக்கிவிடும். ஈரம் பட்டால் கட்டியாகும். மரத்தூளும் ஈரத்தை ஈர்த்து அழுந்திவிடும் இயல்பினது. தானியம் நிரப்பினால் வண்டு பற்றும்.

எனவே இன்று பெரிதும் வழங்குவது நறுக்கிய துணியாகும். பழைய பின்னலாடைகள் இதற்கு ஏற்றவை. பித்தான், கொக்கி, ஜிப்பு முதலியவற்றை முற்றிலும் நீக்கிவிட வேண்டும். ஒன்றேனும் உள்ளே தங்கினால் உறையைக் கிழிக்கும்; கையையும் ஊறுபடுத்தும். துணியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒரு சாண் உயரத்திற்கு இட்டு, முனை மழுங்கிய கழியால் நடுவிலும் ஓரங்களிலும் நன்கு இடித்துக் கெட்டிக்க வேண்டும். அதன்பின்னரே அடுத்த அடுக்கை இடவேண்டும். எடை கூட்ட விரும்பின் மணலைச் சிறு நெகிழிப் பைகளில் இட்டு, இருமுறை கட்டி, பையின் நடுத்தண்டில் மேலிருந்து கீழ்வரை பரவலாக அமைத்து, சுற்றிலும் துணியைத் திணிக்க வேண்டும். மணல் ஓரிடத்திலும் உறையை ஒட்டி நிற்றலாகாது. நிரப்பிய பை சில வாரங்களில் சற்றுத் தாழும். அப்போது வாயைத் திறந்து குறையை நிரப்புதல் வழக்கம். மேலும் கீழும் நடுவும் ஒரே தன்மையாக இருக்கின்றனவா என்பதை வெறுங்கையால் அழுத்திப் பார்த்தே பயிற்றுநர் பையை ஏற்பர்.

எடையைப் பொறுத்தவரை, பயில்பவரின் உடல் எடையில் ஏறத்தாழப் பாதி என்பது பயிற்றுநரிடை வழங்கும் பொதுவிதி. 60 கிலோ எடையுள்ளவர்க்கு 30 கிலோப் பை பொருந்தும். பை மிக எளிதாயின் ஒவ்வொரு குத்துக்கும் அலைந்து ஓடும். மிகக் கடினமாயின் மணிக்கட்டும் விரலடி எலும்புகளும் துன்புறும். சுண்டுவிரலை ஒட்டிய உள்ளங்கை எலும்பு முறிவுக்கு மருத்துவர் 'குத்துச்சண்டையர் முறிவு' என்றே பெயரிட்டுள்ளனர். குத்துக்கு மட்டும் உரிய பை ஏறத்தாழ 100 முதல் 120 செ.மீ. நீளம் போதும். தாழ்ந்த உதைகளையும் பழகுவோர்க்கு 180 செ.மீ. நீளமுள்ள பை வேண்டும். ஃபிலோஸ்ட்ராட்டஸ் காட்டிய வேறுபாடு இங்குத் தொடர்கின்றது. ஆடும் பை விட்டத்தை இழுக்கும் விசை அதன் எடையினும் மிகுதி என்பதால், தாங்கும் விட்டமும் சங்கிலியும் எடைக்கு மேற்பட்ட உறுதியுடையனவாதல் வேண்டும்.

கின்ஷாசா, 1974

பையின் பயன் யாது என்பதை இருபதாம் நூற்றாண்டின் ஒரு புகழ்மிக்க சண்டை தலைகீழாகக் காட்டிற்று. 1974 அக்டோபர் 30ஆம் நாள் அன்றைய சயீர் நாட்டின் தலைநகராகிய கின்ஷாசாவில் முகம்மது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதினர். அதுவரை 40 சண்டைகளில் தோல்வியறியாத ஃபோர்மன் 37 பேரை வீழ்த்தியவர். பயிற்சியின்போது அவர் குத்திய கனமான பையில் ஆழ்ந்த குழி விழுந்ததை நார்மன் மெய்லர் 1975இல் வெளியான தம் நூலில் பதிவு செய்துள்ளார். அக்குழியைக் கண்டோர் அலியின் உயிருக்கே அஞ்சினர்.

அலியோ கயிற்றின்மீது சாய்ந்து, கைகளால் முகத்தை மறைத்து, ஃபோர்மனின் குத்துகளைச் சுற்றுக்குச் சுற்று உடலில் வாங்கினார். ஒருவகையில் அவரே தொங்கும் பையானார். களைத்துப்போன ஃபோர்மனை எட்டாம் சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தை மீட்டார். உலகம் அதனை அறிவின் வெற்றியாகப் போற்றியது, அப்போற்றுதல் தகும். ஆயினும் அலி பயிற்சிக் களத்திலும் உடன்பயில்வோரின் குத்துகளைத் தம்மீது வாங்கிப் பழகியவர். 1981இல் அவர் களம் நீங்கினார். 1984இல் அவர்க்கு நடுக்குவாத நோய்க்குரிய அறிகுறிகள் இருப்பது கண்டறியப்பெற்றது. 2016 ஜூன் 3ஆம் நாள் மறைந்தார். அந்நோய்க்கும் அவர் பெற்ற குத்துகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

எனினும், தலையில் விழும் தொடர்குத்துகள் மூளையைச் சிதைக்கும் என்பதில் இன்று ஐயமில்லை. குத்துச்சண்டை வீரரிடம் தோன்றும் தள்ளாட்டத்தையும் நினைவுத் தடுமாற்றத்தையும் அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்டு 1928இலேயே எழுதிக் காட்டினார். கையுறை குத்துபவரின் கையைக் காக்கின்றது. குத்துப்படும் மூளையை அது காப்பதில்லை. பயிற்சிக்கூடத்தில் ஒரு பை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு குத்தும் மனிதத் தலை ஒன்று வாங்காமற்போன குத்தாகும். உயிரற்ற உருவத்தைத் தொங்கவிடுவதைக் கண்டு நகைத்தோர்க்குப் பிளேட்டோவின் விடை இன்றைய மருத்துவத்தால் உறுதிப்பட்டிருக்கின்றது.

முடிவுரை

கோரிகோஸ் என்னும் சொல் உணவுப்பையில் தொடங்கிக் குத்துப்பையில் நிலைத்தது. அதனுள் அத்திவிதையும் மாவும் மணலும் இடம்பெற்றன. பிறநாடுகளில் பயறும் வைக்கோலும் அதே பணியைச் செய்தன. இன்று கந்தல்துணி செய்கின்றது. பொருள்கள் மாறினும் அண்டில்லஸ் வகுத்த நெறி மாறத் தேவையின்றி நிற்கின்றது. பயில்பவரின் அகவையும் ஆற்றலும் முதலிற் கருதத்தக்கவை. பையின் எடை அவற்றைப் பின்தொடர்வது. பெரிய பையே வீரம் என்று கருதி இளஞ்சிறாரை மணல் மூட்டையின்முன் நிறுத்தும் பயிற்றுநர் இந்நெறியை மறந்தோராவர்.

கலிப்சோ தன் கோரிகோசை நிரப்பியபோது, செல்பவன் யார், செல்லும் தொலைவு எவ்வளவு என்பவற்றை அறிந்தே நிரப்பினாள். பயிற்சிக்கூடத்தில் பை நிரப்புவோர்க்கும் அவ்வறிவே வேண்டுவது.